பெரியம்மாவை அசிஸ்டட் லிவிங்கில் சேர்த்தோம்: சேர்க்கும் முன் கேட்க வேண்டியதும் சேர்த்த பின் கவனிக்க வேண்டியதும்

பெரியம்மாவுக்குக் குழந்தைகள் இல்லை. தாராபுரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பெரியப்பா போன பிறகும் தனியாகவே சமாளித்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய பிறகு அது நடக்கவில்லை. நான் பெங்களூரு, தம்பி கோவை, மாமா பையன் மஸ்கட். யார் வீட்டிலும் பகல் முழுக்க ஆள் கிடையாது. கோவைக்கு மேற்கே ஓர் அசிஸ்டட் லிவிங் இடத்தில், அதாவது அன்றாட வேலைகளுக்கு ஆள் வைத்து உதவும் முதியோர் இல்லத்தில், சேர்த்தோம். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கிறவர்களுக்குப் பயன்படும் வகையில் எழுதுகிறேன். உணர்ச்சிப் பேச்சு குறைவாகவும் நடைமுறை அதிகமாகவும் இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். "பணம் கட்டிவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைத்துச் சேர்த்தால் சரிவராது. குளிப்பாட்டுவது, சாப்பாடு, மாத்திரை இதெல்லாம் அவர்கள் கைக்குப் போகும். அவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கிற வேலை உங்களிடமேதான் இருக்கும். குடும்பம் கவனிக்கிறது என்று தெரிந்தவருக்குக் கிடைக்கும் பராமரிப்பு ஒரு மாதிரி, யாரும் எட்டிப் பார்க்காதவருக்குக் கிடைப்பது வேறு மாதிரி. நல்ல இடத்தில்கூட இப்படித்தான்.

இடம் தேடுவதற்கு முன்

கோவையைச் சுற்றி முதியவர்களுக்கான குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் எல்லாம் ஒன்றல்ல. வில்லா, ஃப்ளாட் என்று விற்கிற சீனியர் லிவிங் இடங்கள் தானாக நடமாடுகிறவர்களுக்கானவை. அங்கே சாப்பாட்டுக்கூடம் இருக்கும், ஆம்புலன்ஸ் இருக்கும், ஆனால் கழிவறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஆள் இருக்காது. அசிஸ்டட் லிவிங் என்றால் அந்தக் கைப்பிடிக்கும் ஆள் உண்டு. அதற்கும் மேலே நர்ஸிங் கேர், மறதி நோய்க்காரர்களுக்கான தனிப் பிரிவு. நிறைய குடும்பங்கள் முதல் வகையைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பணத்தைப் போட்டுவிட்டு, ஒரே வருடத்தில் மறுபடி வேறு இடம் தேடுகிறார்கள்.

எந்த வகை வேண்டும் என்று தெரிந்துகொள்ள, சேர்ப்பதற்கு முன் யாராவது ஒருவர் ஒரு வாரமாவது அவர்கூடவே தங்க வேண்டும். போனில் கேட்டால் "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன்" என்றுதான் பதில் வரும். கூட இருந்தால்தான் உண்மை தெரியும். ஆறு விஷயங்களைப் பாருங்கள்: குளிப்பது, உடை மாற்றுவது, கழிவறை போய் வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீர் மலம் அடக்க முடிகிறதா, தானாகச் சாப்பிட முடிகிறதா. 1963-லிருந்து மருத்துவர்கள் முதியவர்களை எடைபோடப் பயன்படுத்தும் பட்டியல் இது. எதைத் தானாகச் செய்கிறார், எதற்கு ஆள் வேண்டும் என்று நேர்மையாக எழுதுங்கள். பெருமைக்காக மறைத்தால் நஷ்டம் அவருக்குத்தான். இதோடு தலை சம்பந்தமானதையும் சேர்த்து எழுதுங்கள்: ஒரே மாத்திரையை இரண்டு தடவை போடுகிறாரா, கேஸை மூட மறக்கிறாரா, ராத்திரி எழுந்து வாசல் கதவைத் திறக்கிறாரா.

மறதி என்றால் உடனே டிமென்ஷியா (மறதி நோய்) என்று முடிவு கட்டாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, சோடியம் இறங்குவது, மன அழுத்தம், ஏன் காது கேளாமைகூட அப்படித் தோன்ற வைக்கும். பெரியம்மாவுக்குப் பாதிப் பிரச்சினை காதில்தான் இருந்தது. கேட்காததால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார், நாங்கள் அதை மறதி என்று நினைத்தோம். முதியோர் மருத்துவரிடம் ஒரு தடவை முழுசாகக் காட்டிவிட்டு அப்புறம் இடம் தேடுங்கள். சென்னைக்காரர்களுக்கு, கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

அப்புறம் குடும்பத்துக்குள் பேச்சு. யார் பணம் தருவது, யார் கையெழுத்து, ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தால் யார் எடுப்பது. மூன்றும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் மூன்றுக்கும் பெயர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கையெழுத்தும் ராத்திரி போனும் தம்பி, கணக்கு வழக்கு நான், பென்ஷனுக்கு மேல் வருகிற செலவில் பாதி மாமா பையன். வாட்ஸ்அப் குழுவில் எழுதி வைத்துக்கொண்டோம். குழந்தை இல்லாதவர்கள் விஷயத்தில் "நமக்கென்ன பொறுப்பு" என்று யாராவது கேட்டால், 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். குழந்தை இல்லாத முதியவரின் சொத்தை வைத்திருக்கிறவரும், பின்னால் வாரிசாகப் பெறப்போகிறவரும், வசதி இருந்தால் அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அதில் இருக்கிறது. மனு போட வேண்டிய தீர்ப்பாயம் நம் ஊரில் கோட்டாட்சியர். எங்களுக்கு அதுவரை போகத் தேவையிருக்கவில்லை, ஆனால் அந்தச் சட்டப் பிரிவைப் படித்துக் காட்டியதும் தூரத்து உறவு ஒருவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்.

ராத்திரியில் போய்ப் பாருங்கள்

காலை பதினொரு மணிக்கு எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். மேனேஜர் இருப்பார், தரை துடைத்திருக்கும், பாட்டிகள் தலை சீவிப் பூ வைத்து வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். அது விற்பனை நேரம். அதே இடத்துக்குச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போங்கள். "விசிட்டிங் நேரம் முடிந்தது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

போனால் என்ன பார்ப்பது? முதலில் ஆள். "மொத்தம் எத்தனை ஸ்டாஃப்" என்று கேட்காதீர்கள். சமையல்காரர், தோட்டக்காரர், டிரைவர் எல்லாரையும் சேர்த்து ஒரு நல்ல எண்ணைச் சொல்வார்கள். "ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை இந்த மாடியில் விழித்திருக்கிறவர் எத்தனை பேர், அவர்கள் பார்க்க வேண்டியது எத்தனை பேர்" என்று கேளுங்கள். விழித்திருக்கிற என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். நாங்கள் பார்த்த ஓர் இடத்தில் இரவு நர்ஸ் உண்டு என்றார்கள், கீழே ஆபீஸில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் பக்கத்து அழைப்பு மணியை நீங்களே அழுத்திப் பாருங்கள், எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். மணி இருந்தும், படுத்திருக்கிறவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பது சகஜம்.

குளியலறைக்குள் போங்கள். கைப்பிடிக் கம்பி சுவரில் ஆடாமல் நிற்கிறதா என்று உங்கள் எடையைப் போட்டு இழுத்துப் பாருங்கள். தரை வழுக்கும் டைல்ஸா, வாசல்படி மேடாக இருக்கிறதா, வாக்கர் உள்ளே நுழையுமா, ராத்திரி விளக்கு உண்டா. ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் முதியவர்கள் விழுவது உண்டு. மூக்குக்கும் வேலை கொடுங்கள். லேசான மூத்திர வாடை ஓர் அறையில் இருந்தால் அது விபத்து, தாழ்வாரம் முழுக்க இருந்தால் ஆள் போதவில்லை என்று அர்த்தம். பினாயில் நெடி தூக்கலாக இருந்தாலும் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒரு தாத்தாவிடமோ பாட்டியிடமோ தனியாகப் பேசுங்கள். சாப்பாட்டைப் பற்றிப் புலம்புவார்கள், அதை விட்டுவிடலாம், எங்கேயும் புலம்புவார்கள். "கூப்பிட்டா வர்றாங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுச் சான்றிதழைப் பார்த்துவிடுங்கள். சங்கடப்படத் தேவையில்லை, ஒழுங்கான இடத்தில் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள்.

பேச்சு மொழி யாரும் யோசிக்காத ஒன்று. கோவைப் பக்கம் பராமரிப்பு வேலைக்கு ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் நிறைய. அன்பாக இருப்பார்கள், சொல்லப்போனால் நம் ஆட்களைவிடப் பொறுமை அதிகம். ஆனால் பெரியம்மா "ஒண்ணுக்கு வருது சாமி" என்றால் அந்தப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்? அதற்கு நாங்கள் செய்தது இதுதான்: ஒண்ணுக்கு, வெளிக்கு, தண்ணி, வலி, குளிர், பசி, தலை சுத்துது, பயமா இருக்கு என்று பெரியம்மா எப்படிச் சொல்வாரோ அப்படியே அவர் குரலிலேயே போனில் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்தி அர்த்தத்தைத் தெரிந்த ஒருவரைப் பேசவைத்து அனுப்பினோம். பக்கத்தில் படம் வரைந்த அட்டையும் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். செலவே இல்லை, பலன் அதிகம்.

கையெழுத்துக்கு முன்

மாதக் கட்டணம் என்று அவர்கள் சொல்வது ஆரம்ப விலை. டயப்பர், கையுறை, மருந்து, பிசியோதெரபி, டாக்டர் வருகை, சலவை, தனி ஆள் எல்லாம் மேலே ஏறும். ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒருவரின் போன மாத பில்லைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். பராமரிப்பு அளவு கூடினால் கட்டணம் எவ்வளவு கூடும், அதை யார் தீர்மானிப்பது, எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். டெபாசிட் எப்போது, எவ்வளவு பிடித்துக்கொண்டு திரும்பும் என்பதும்.

மேனேஜருக்குப் பிடிக்காத சில கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கட்டாயம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட யார் இருப்பார்கள்? (பெரும்பாலும் நீங்கள்தான். அப்போதும் அறை வாடகை ஓடும்.) மூக்கில் டியூப், கேத்தீட்டர் (சிறுநீர் போகக் குழாய்) என்று ஆனால் வைத்துக்கொள்வார்களா, கூட்டிப்போகச் சொல்வார்களா? மறதி முற்றி ராத்திரியில் கத்தினால்? கட்டிலில் கட்டிப்போடுவது உண்டா? தூக்க மருந்து கொடுப்பதற்கு முன் குடும்பத்தைக் கேட்பார்களா? கடைசிக் கேள்வியை நான் சும்மா சேர்க்கவில்லை. சேர்த்த சில வாரங்களில் பெரியம்மா பகலெல்லாம் தூங்கி வழிந்தார், வாய் குழறியது. மருந்து அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், ராத்திரி "தொந்தரவு" என்று ஒரு மாத்திரையைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள், எங்களுக்குச் சொல்லவில்லை. சண்டை போடவில்லை. எந்த டாக்டர் எழுதினார், என்ன காரணம், எத்தனை நாளுக்கு என்று மூன்று கேள்வியை மெயிலில் அனுப்பினோம், எங்கள் டாக்டருக்கும் காட்டினோம். மாத்திரை நின்றது. ராத்திரி தொந்தரவுக்குக் காரணம் மலச்சிக்கல்.

இனி காகிதங்கள். இதைத் தலை தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டும், தள்ளிப்போடவே கூடாது. பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிவிட்டால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் அந்த அதிகாரம் முடிந்துபோகும், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதாவது எப்போது அது உண்மையில் தேவையோ அப்போது செல்லாது. அதற்கப்புறம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டிவரும். அதனால் பென்ஷன் கணக்கையும் வைப்புத்தொகையையும் பற்றி வங்கியில் முன்கூட்டியே பேசி, முடிகிறதை "ஐதர் ஆர் சர்வைவர்" (இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவர் எடுக்கலாம்) முறையில் நம்பிக்கையான ஒருவரோடு ஜாயின்ட் ஆக்குங்கள், நாமினியைச் சரிபாருங்கள். பென்ஷனருக்கு, உயிரோடு இருக்கிறார் என்று உறுதி செய்ய, ஆண்டு நேர்காணல் இருக்கும், அதற்காக அவரைக் கருவூலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஜீவன் பிரமாண் என்ற அரசின் ஆன்லைன் உயிர்ச்சான்று வசதி மூலம் போனிலேயே முகத்தைக் காட்டிச் செய்யலாம், இல்லையென்றால் தபால்காரரை வரச்சொல்லலாம். அரசு ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல் இல்லத்தின் ஆபீஸில் ஒன்று, உங்கள் போனில் ஒன்று.

வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரையே கேட்டு எழுதி வாங்குவதும் இதில் சேரும். இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்து 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து, அவ்வளவுதான். இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று நாங்கள்தான் தயங்கினோம். பெரியம்மா ரொம்ப சாதாரணமாக, "குழாயெல்லாம் வேண்டாம், என்னைய இழுத்தடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, படிவத்தில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினார்.

சேர்த்த பிறகு

புதுச் சாமான் வாங்கிக் குவிக்காதீர்கள். அவர் படுத்துப் பழகிய தலையணை, பழைய போர்வை, சாமி படம், வழக்கமாகக் குடிக்கிற டம்ளர், பெரிய எண் போட்ட சுவர்க் கடிகாரம், தினசரி நாள்காட்டி போதும். தங்கம் வேண்டாம். ஒவ்வொரு துணியிலும் அழியாத மையால் பெயர் எழுதுங்கள், இல்லையென்றால் சலவையிலிருந்து வேறு யாருடைய நைட்டியோ வரும். கண்ணாடி, பல்செட், காதுக்கருவி மூன்றும் எப்படியும் தொலையும், டப்பாவுக்கும் பெயர் எழுதி ஸ்டாஃபிடம் காட்டிக் கொடுங்கள். அறையில் ஒரு தாள் ஒட்டினோம்: ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், இடது காதில் பேசவும், காபிக்குச் சர்க்கரை வேண்டாம், "பாட்டி" என்று கூப்பிட்டால் பிடிக்காது, "டீச்சரம்மா" என்றால் எழுந்து உட்காருவார். அந்தத் தாளுக்குப் பிறகு அவரிடம் எல்லாரும் பேசும் தோரணையே மாறியது.

முதல் ஒன்றிரண்டு மாதம் கஷ்டம். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்பார். "அடுத்த வாரம்" என்று பொய் சொல்லாதீர்கள், நினைவு நன்றாக இருக்கிறவருக்கு அது துரோகம். "இங்கே இருக்கிறது கஷ்டமாத்தான் இருக்கும், தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கூட உட்காருங்கள். மறதி இருக்கிறவரோடு வாதாட வேண்டாம், வீட்டைப் பற்றி அவரையே பேசவிடுங்கள், எந்த அறை, எந்த மரம் என்று. சாயங்காலமானால் இந்தத் தவிப்பு கூடும், ஆகவே முடிந்தால் காலையில் போங்கள், கிளம்பும்போது சாப்பாட்டு நேரமாக இருந்தால் பிரிவது சுலபம்.

போகும் நாளையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். போனால் செய்ய வேண்டியது: காலுறையைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள், முதுகுக்குக் கீழே வால் எலும்பு பக்கம் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் படுக்கைப் புண் ஆரம்பிக்கிறது. எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு ஓர் அட்டவணை இருக்கும், கேளுங்கள். ஏர் பெட் (காற்று அடைத்த மெத்தை) போட்டால் புரட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதம் ஒருமுறை எடை. ஒரே மாதத்தில் ஐந்து சதவீதம் குறைந்தால், அதாவது ஐம்பது கிலோ இருந்தவர் இரண்டரை கிலோ இழந்தால், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். காரணம் பல்லா, விழுங்கும்போது புரையேறுகிறதா, சாப்பாடு கொடுக்கிறவர் அவசரப்படுத்துகிறாரா என்று தேடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் என்றால் ஊசி நேரத்தையும் தட்டு வரும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஊசி ஏழரைக்கு, இட்லி ஒன்பதுக்கு என்றால் ஆபத்து.

நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால், "வயசாயிடுச்சுங்க, அப்படித்தான்" என்று ஸ்டாஃப் சொல்வார்கள். ஏற்காதீர்கள். மறதி நோய் ஒரு நாளில் வராது. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, சோடியம், புது மாத்திரை, எங்கேயாவது விழுந்த அடி இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், அன்றைக்கே பரிசோதனை வேண்டும். ராத்திரி எழ வேண்டியிருக்கும் என்று பயந்து முதியவர்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்வார்கள், அதிலிருந்துதான் பாதித் தொல்லையும் ஆரம்பிக்கிறது.

குறை இருந்தால் தாழ்வாரத்தில் பராமரிக்கிற பெண்ணைப் பிடித்துக் கத்தாதீர்கள். நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அவரும் பெரியம்மாவும்தான் ராத்திரி முழுக்க ஒரே அறையில் இருக்கப் போகிறார்கள். மேலாளருக்கு, தேதி போட்டு, ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். நல்லது நடந்தால் அதையும் பெயர் சொல்லி எழுதுங்கள், அது அந்தப் பெண்ணின் சம்பள உயர்வுக்கு உதவும். அடிப்பது, பட்டினி போடுவது, பணம் பறிப்பது என்று போனால் மெயில் போதாது. முதியோருக்கான 14567 இலவச எண்ணைக் கூப்பிடுங்கள், மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், உங்கள் முதியவரை உடனே அங்கிருந்து கூட்டி வந்துவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் பேசுவார்கள். "ஹோம்ல தள்ளிட்டாங்க" என்று கல்யாண வீட்டில் காதில் விழுகிற மாதிரி சொன்ன ஓர் அத்தையிடம் தம்பி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போய்ப் பார்த்து வர முடியுமா என்று கேட்டான். நம்ப மாட்டீர்கள், அவர் உண்மையிலேயே போக ஆரம்பித்துவிட்டார், இப்போது முறுக்கும் கொண்டுபோகிறார்.

முடிவைப் பற்றியும் இல்லத்திடம் முன்பே பேசி வையுங்கள். இறப்பை எந்த டாக்டர் சான்றளிப்பார், ஃப்ரீசர் பாக்ஸ் ஏற்பாடு யாருடையது, உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோவதா, அங்கேயே முடிப்பதா. இறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊராட்சியிலோ மாநகராட்சியிலோதான் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், சொந்த ஊரில் முடியாது. ஆதாரில் இருக்கிறபடி பெயர், அப்பா பெயர், கணவர் பெயர் எழுத்துக்கூட்டு சரியாக ஒரு தாளில் எழுதி இல்லத்தின் ஃபைலில் வைத்துவிட்டால், சான்றிதழில் பிழை வந்து வங்கிக்கும் கருவூலத்துக்கும் அலைவது மிச்சம். டெபாசிட் திரும்பக் கேட்கும்போதும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள், ஐந்தாறு நகல் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.